மூன்று நாள் வண்டி

ஆழியாறு சோதனைச் சாவடியில் தடுப்புக் கட்டை மேலே எழும்பியதும் சிகாமணி முதல் கியரைப் போட்டார், வண்டி நகர்ந்தது, நகர்ந்த விதம் அவருக்குப் பிடித்திருந்தது. கிளட்ச் இன்னும் புதுசாகவே இருக்கிறது, பாதத்தின் நுனியால் சொன்னாலே கேட்கிறது. கறுப்பு நம்பர் பலகையில் மஞ்சள் எழுத்துப் போட்ட வாடகை வண்டி. மூன்று நாளைக்கு அவருடையது. பொள்ளாச்சியில் சாவியைக் கொடுத்த பெண் செல்போனைப் பிடித்துக்கொண்டு வண்டியைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தாள், ஏற்கெனவே இருக்கிற கீறலெல்லாம் படத்தில் இருக்கட்டும் சார், பின்னால் பேச்சு வரக்கூடாது என்றாள். சார். முப்பத்தொரு வருஷம் அந்தச் சொல்லைச் சொல்லியே தேய்ந்த வாய் அவருடையது, காதுக்கு அது புதுசு, யாரைச் சொல்கிறாள் என்று ஒரு கணம் திரும்பிப் பார்த்துவிட்டார். ஏறி உட்கார்ந்ததும் முதல் வேலையாக நடுக் கண்ணாடியைத் திருப்பினார். மில் முதலாளி வீட்டில் டிரைவராக இருந்தபோது அதை ஒரு தினுசாகத்தான் வைத்திருப்பார், பின்னால் வருகிற லாரி தெரிய வேண்டும், பின்சீட்டில் இருக்கிறவர் முகம் தெரியக்கூடாது. சேர்ந்த முதல் வாரத்திலேயே முதலாளி அதைச் சொல்லிவிட்டார், கோபமாக அல்ல, சாதாரணமாகத்தான். இப்போது கண்ணாடி முழுக்கப் பின்சீட்டுதான், ஒரு துணிப்பை, ஒரு பிளாஸ்க், மனைவி ரங்கநாயகியின் பச்சைச் சால்வை, வேறு யாருமில்லை. யாருமில்லாத பின்சீட்டைப் பார்த்துக்கொண்டு போவதில் இவ்வளவு சுகம் இருக்குமென்று யார் சொல்லியிருக்கிறார்கள். ஏசியை அணைத்தார், ஜன்னலை இறக்கினார், வேண்டுமென்றே ஆனைமலைப் பாதையில் திரும்பி நாலு மைல் சுற்றி வந்தார், ஏன் இப்படிப் போகிறாய் என்று கேட்க ஆளில்லை. தென்னந்தோப்போரம் நிறுத்தி இளநீர் குடித்தார்கள். குடித்து முடித்த பிறகும் சும்மா நின்றார்கள். நிற்கலாம். வண்டிக்குள் யாரும் காத்திருக்கவில்லை.

"ஏனுங்க, இது ஒண்ணாவது வளைவா?" என்றாள் ரங்கநாயகி. முன்சீட்டில், அவருக்கு இடப்பக்கம், எலுமிச்சம்பழத்தை மூக்கருகே வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். ஆமாம் என்றார். நாற்பது இருக்குது அம்மிணி, இப்பவே எண்ண ஆரம்பிச்சா தலை சுத்தும் என்றார். சுத்துனா சுத்தட்டும் என்றாள். கல்யாணமாகி முப்பத்தாறு வருஷத்தில் அவர் ஓட்டும் காரில் அவள் ஏறியதே இல்லை. முதலாளி வண்டியில் எப்படி ஏற முடியும், ஒரு தரம் பெரியம்மா அதுதான் முதலாளியின் தாயார் ஏறிக்கச் சொன்னபோதுகூட அவள்தான் பஸ்ஸில் வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டாள். அவருக்கென்று இருந்தது ஸ்கூட்டர், அதில் அவள் முதுகுக்குப் பின்னால், முகம் தெரியாது. வண்டி ஓட்டும்போது பக்கத்தில் அவள் முகம் தெரிவது எப்படியிருக்கும் என்று அவர் எத்தனையோ முறை நினைத்ததுண்டு, இப்போது அவள் இடப்பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள், இடப்பக்கத்தில் அவருக்கு முழுசாகத் தெரியவில்லை. நெற்றியும் பொட்டும் தெரிகிறது, கழுத்துக்குக் கீழே மங்கல், மங்கல்கூட இல்லை, சும்மா சீட்டு மாதிரி ஏதோ. தலையைத் திருப்பினால் தெரிகிறாள். திருப்பினார். பழத்தைப் பிடித்த கை, இரண்டு வளையல், சேலை மடிப்பு. எல்லாம் இருக்கிறது. சட்டென்று ரோட்டுக்குத் திரும்பினார்.

இடப்பக்கம் தாழ்ந்த சுவர் வந்தது, கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை அடித்த சுவர், அதற்கப்பால் பள்ளம். சுவர் இருக்கிறது. இருக்கிறதா. தலையைத் திருப்பிப் பார்த்தார், இருந்தது. கொஞ்ச நாளைக்கு முன் கண் ஆஸ்பத்திரியில் கிண்ணம் மாதிரி ஒரு வெள்ளை மிஷினுக்குள் முகத்தை வைக்கச் சொன்னார்கள், கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள், வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் அமுக்குங்க ஐயா என்றார்கள். வலப்பக்கம் புள்ளி வந்தது, மேலே வந்தது, நடுவில் வந்தது, அமுக்கிக்கொண்டே இருந்தார். இடப்பக்கம் கீழே வரவேயில்லை. மிஷின் கெட்டிருக்கிறது என்று நினைத்தார், பாவம், அந்தப் பெண்ணுக்குச் சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தார், சொல்லியும்விட்டார். அவள் சிரிக்கவில்லை. பிறகு டாக்டரம்மா ஒரு காகிதத்தைக் காட்டினார், இரண்டு வட்டம், வட்டத்துக்குள் மசியைக் கொட்டினாற்போல் இடது கீழ்ப்பாதி கறுப்பு. கண் பிரஷர், ரொம்ப நாளாகவே இருந்திருக்கிறது, போன பார்வை திரும்பாது, இருக்கிறதைச் சொட்டு மருந்து போட்டுக் காப்பாற்றலாம். என்ன வேலை பார்த்தீங்க என்று கேட்டார். சொன்னார். இனிமேல் ஓட்டவே கூடாதுங்க ஐயா, ஸ்கூட்டர்கூட வேண்டாம் என்றார். எனக்குக் கறுப்பா எதுவும் தெரியலீங்களே அம்மா, எல்லாம் நல்லாத்தானே தெரியுது என்றார் இவர். அங்கேதான் அந்த வார்த்தை வந்தது. கறுப்பாத் தெரியாதுங்க, தெரியாத இடத்தை மூளையே நிரப்பிக்கும், பக்கத்துல ரோடு இருந்தா ரோடா நிரப்பிக்கும், செவுரு இருந்தா செவுரா நிரப்பிக்கும், அதுதான் இதுல ஆபத்து. சரிங்க என்றார். கும்பிட்டார். வெளியே வந்து ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். ரங்கநாயகி என்ன சொன்னாங்க என்று கேட்டபோது சொட்டு மருந்து கொடுத்திருக்காங்க என்றார், அது பொய்யில்லை. காகிதம் பீரோவில் வேட்டிகளுக்கு அடியில் போயிற்று. அன்று ராத்திரி அவர் சாப்பிட உட்கார்ந்தபோது தட்டைப் பார்த்து, இதில் எது தட்டு, எது என் தலைக்குள் இருக்கிறவன் வைத்த தட்டு என்று நினைத்தார்.

ஒன்பதாவது வளைவில் நிறுத்தினார். எல்லோரும் நிறுத்துகிற இடம். கீழே அணை, மத்தியான வெயிலில் நீர் தகரம் மாதிரி கிடந்தது. ரங்கநாயகி இறங்கிச் சுவரருகே போய் நின்றாள், இத்தன நாளும் இத எல்லாம் பாத்துட்டா வீட்டுக்கு வந்து ஒண்ணுமே சொல்லாம இருந்தீங்க என்றாள். அவர் பார்த்ததே இல்லை என்பதை எப்படிச் சொல்வது. நூறு தடவைக்குக் குறையாமல் இந்த மலை ஏறியிருக்கிறார், எஸ்டேட் பங்களாவுக்கு, பார்த்ததெல்லாம் ரோடு, அடுத்த வளைவு, எதிரே வருகிற பஸ்ஸின் ஹாரன். இங்கே நிறுத்துகிறபோது முதலாளி வீட்டார் இறங்கிப் பார்ப்பார்கள், அவர் டயரைப் பார்ப்பார். இப்போது பார்த்தார். அணையின் இடது கரை எங்கே முடிகிறதென்று தெரியவில்லை, தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது, அவ்வளவு பெரிய அணையா அது, அல்லது தலைக்குள் இருக்கிறவன் தண்ணீரையும் நிரப்பிவிட்டானா. தலையைத் திருப்பிச் சரிபார்க்கத் தோன்றவில்லை. பெரியதாகவே இருக்கட்டும்.

மறுபடி ஏறினார்கள். வண்டி இரண்டாவது கியரில் முனகிக்கொண்டே போயிற்று, அந்த முனகல் அவருக்கு இதம், வளைவில் ஸ்டியரிங்கை ஒடித்துவிட்டுக் கையைத் தளர்த்தினால் அது தானாகவே உள்ளங்கைக்குள் உருண்டு திரும்புகிற அந்த இடம் இருக்கிறதே, அதற்காகவே ஒருவன் ஆயுசு முழுக்க ஓட்டலாம். ஹோசூரிலிருந்து மகள் போனிலேயே வண்டியைப் பிடித்துக் கொடுத்தாள், அப்பாவுக்கு ரிட்டையர்மென்ட் டூர் என்றாள், அவளுக்கும் தெரியாது. ஒருத்தருக்கும் தெரியாது. மெதுவாகத்தானே போகிறேன், முப்பதைத் தாண்டவில்லையே, வளைவுக்கு வளைவு ஹாரன் அடிக்கிறேனே, தலையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேனே. ஒரு கொலைகாரன்கூட இப்படித்தான் தனக்குத்தானே கணக்குச் சொல்லிக்கொள்வான். இந்த மூன்று நாள், பிறகு ஸ்கூட்டரையும் விற்றுவிடுவேன், யாரிடம் சொல்கிறேன் இதை. பழனியாண்டவனிடமா டாக்டரம்மாவிடமா. பதினான்கு என்றாள் ரங்கநாயகி, போர்டைப் பார்த்து. பதினைந்து. அவள் எண்ண எண்ண, அவர் எதிர்பார்த்துக்கொண்டிருந்தது இருபத்தொன்றை, அதற்கும் இருபத்திரண்டுக்கும் நடுவே ஓர் இடத்தை. அங்கே நிறுத்தி அவளிடம் சொல்ல வேண்டுமென்றுதான் இந்த மலையைத் தேர்ந்தெடுத்தார். ஊட்டிக்குப் போகலாமே அப்பா என்றாள் மகள். வேண்டாம், வால்பாறை என்றார்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம். ஆவணி மாசம். ரங்கநாயகிக்கு ஏழு மாசம், முதல் குழந்தை. அவர் முதலாளி குடும்பத்தோடு பங்களாவில் இருந்தார், பத்தரை மணிக்குப் போன் வந்தது, மச்சான் பேசினார், வலி கண்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தோம், பையன் பொறந்திருக்கான், குறை மாசம், மூச்சு வாங்குது, வந்துருங்க மாப்பிள்ளை. முதலாளியிடம் போய் நின்றார். கிளம்பிரலாம் சிகாமணி, எல்லாருமே கிளம்பிரலாம், அம்மா ஒரு வாய் சாப்பிட்டுரட்டும் என்றார் முதலாளி, நல்ல மனுஷன், அன்றைக்கு அவர் முகம் நிஜமாகவே வாடியிருந்தது. அம்மா சாப்பிட இரண்டரை ஆயிற்று. இறங்கும்போது பெரியம்மாவுக்கு வளைவு ஆகாது, மெதுவா சிகாமணி, மெதுவா சிகாமணி என்று பின்னாலிருந்து குரல், மெதுவாகத்தான் ஓட்டினார், இருபதுக்கு மேல் முள் ஏறவில்லை, இருபத்திரண்டு தாண்டியதும் நிறுத்தச் சொன்னார்கள், பெரியம்மா வாந்தியெடுத்தார், அவர் சொம்பில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே கைக்கடிகாரத்தைப் பார்த்தார், நாலு மணி. அப்போது வாயைத் திறந்து ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது விளக்குப் போட்டிருந்தார்கள். குழந்தை போனது எத்தனை மணிக்கு என்று யாரையும் கேட்கவில்லை, மச்சானே சொன்னார், நாலு மணி இருக்கும் மாப்பிள்ளை. துணியில் சுற்றி வைத்திருந்தார்கள், முகத்தைக் காட்டினார்கள், உள்ளங்கையளவு முகம். ரங்கநாயகி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்பாள் என்று நினைத்தார். கேட்கவில்லை. மறுநாள் கேட்பாள் என்று நினைத்தார். அதற்கப்புறம் மகள் பிறந்தாள், வளர்ந்தாள், கல்யாணமாகிப் போனாள், ரங்கநாயகி இன்றுவரை கேட்கவில்லை. அவரும் பெரியம்மா சாப்பிட்ட சாப்பாட்டைச் சொல்லவில்லை, சொம்பைச் சொல்லவில்லை. ஒவ்வொரு தடவை மலை இறங்கும்போதும் அந்த இடத்தில் கால் தானாக பிரேக்கைத் தேடும். வேகமாக ஓட்டியிருந்தால் மட்டும் குழந்தை பிழைத்திருக்குமா, பிழைத்திருக்காது, ஏழு மாசக் குழந்தை, அந்தக் காலத்தில். ஆனால் பார்த்திருக்கலாம். மூச்சு இருக்கும்போது ஒரு தடவை.

"இருபத்தொண்ணு," என்றாள் ரங்கநாயகி. பிறகு, வளைவு முடிந்து வண்டி நிமிர்ந்ததும், எலுமிச்சம்பழத்தை மடியில் வைத்துவிட்டு, ரோட்டைப் பார்த்தபடியே கேட்டாள்.

"அன்னைக்கு இந்த வழியாத்தானுங்களா வந்தீங்க?"

எந்த அன்னைக்கு என்று கேட்கவில்லை. ஆமா என்றார்.

"மெதுவாவா?"

"மெதுவாத்தான் அம்மிணி. பெரியம்மாவுக்கு வாந்தி. இங்கதான் நிறுத்துனோம், இதா, இந்தப் பக்கம், அந்த மரத்துக்குக் கீழ," என்று வலது கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்துக் காட்டினார். மரம் இருந்தது, அன்றைக்கிருந்த மரமா தெரியவில்லை, வேர் ரோட்டுக்குள் வந்திருந்தது, அந்த வேரின் மேல்தான் சொம்பை வைத்தார், நாலு மணி, வெயில் இதே மாதிரிதான் சாய்ந்து, அப்போது ஒரு கை குறுக்கே வந்து ஸ்டியரிங்கைப் பிடித்து வலப்பக்கமாக இழுத்தது. ரங்கநாயகியின் கை. வண்டி நெளிந்தது. இடப்பக்கம் சடசடவென்று ஏதோ முறிந்தது. பிரேக்கை மிதித்தார், நின்றது.

ரோட்டோரத்தில் ஒரு பெண் கீழே உட்கார்ந்திருந்தாள், விழுந்து உட்கார்ந்த மாதிரி, சுற்றிலும் விறகு சிதறிக் கிடந்தது. தலைச்சுமையின் நீட்டிய நுனியை வண்டியின் பக்கக் கண்ணாடி தட்டியிருக்கிறது. சுமையை மட்டும்தான். அவளுக்கும் வண்டிக்கும் நடுவே ஒரு முழம், ஒரு முழம்கூட இல்லை. அவர் இறங்கினார், கதவைப் பிடித்துக்கொண்டே போனார். ரங்கநாயகி முன்னாலேயே போய் அந்தப் பெண்ணின் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒண்ணுமில்லை, முழங்கையில் சிராய்ப்பு.

"நான் ஓரமாத்தானே வந்தேன்," என்றாள் அந்தப் பெண். கோபமாகச் சொல்லவில்லை, அவளுக்கே அது புரியாத மாதிரி சொன்னாள். "உங்களப் பாத்துட்டேதான் வந்தேன். நீங்களும் என்னைப் பாத்தீங்களே."

அவர் குனிந்து விறகைப் பொறுக்க ஆரம்பித்தார். ஒவ்வொரு குச்சியாகப் பொறுக்கி அடுக்கினார், இடப்பக்கம் கிடந்ததை விட்டுவிட்டுப் போனார், ரங்கநாயகி அதை எடுத்து வைத்தாள். அவர் பார்த்தார்தான். அந்த ஓரத்தை அவர் பார்த்தார், காலியாக இருந்தது, புல் இருந்தது, மஞ்சளாய்க் காய்ந்த புல், காற்றில் அசைந்ததுகூடத் தெரிந்தது. ஒரு மனுஷி நடந்து வருகிற இடத்தில் தலைக்குள் இருக்கிறவன் புல்லை முளைக்க வைத்திருக்கிறான். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் வா தாயி என்றார் அவளிடம். அதெல்லாம் வேண்டாங்க, இதுக்கா என்றாள். ரங்கநாயகி பிளாஸ்க்கிலிருந்து அவளுக்குக் காப்பி ஊற்றிக் கொடுத்தாள், சிராய்ப்பைக் கழுவிச் சால்வை நுனியால் ஒற்றிவிட்டாள். சுமையை இருவருமாகத் தூக்கித் தலையில் வைத்துவிட்டார்கள். அந்தப் பெண் இறக்கத்தில் நடந்து போனாள், வளைவில் திரும்பும்வரை அவர் தலையைத் திருப்பி முழுக் கண்ணாலும் பார்த்துக்கொண்டு நின்றார்.

வண்டியை மரத்துக்கு எதிரே ஓரங்கட்டினார். இருவரும் உள்ளே உட்கார்ந்தார்கள். சொல்லித்தான் ஆக வேண்டும், எப்படித் தொடங்குவது, அம்மிணி எனக்கு என்று தொடங்கினார், அதற்கு மேல் போகவில்லை.

"தெரியுமுங்க," என்றாள் ரங்கநாயகி.

அவர் அவளைப் பார்க்கவில்லை.

"பொரியல தட்டுல இடப்பக்கம் வெச்சா தொடாமயே எந்திரிச்சீங்க. நாலஞ்சு நாள் அப்படித்தான். பிடிக்கலயாட்ட இருக்குதுன்னு நெனச்சேன். ஒரு நாள் தட்டத் திருப்பி வெச்சுப் பாத்தேன், அப்படியே தின்னீங்க. அப்பறம் பீரோவுல காயிதத்தையும் பாத்தேன். எனக்கு அந்த இங்கிலீசு படிக்கத் தெரியாது, ஆனா படம் தெரிஞ்சுதுங்க."

"தெரிஞ்சுமா வண்டியில ஏறுன?"

"நான் இந்தப் பக்கம் உக்காந்திருப்பனில்ல, பாத்துக்கலாம்னு ஏறுனேன்." சேலையில் ஒட்டிய விறகுத் தூசியைத் தட்டினாள். "வேண்டாம்னு சொல்லியிருக்கோணும். சொல்ல வாய் வரல. வண்டி எடுக்கறதுக்கு மொத நாளு சட்டைய நீங்களே இஸ்திரி போட்டீங்க."

வெளியே ஒரு லாரி ஏறிப் போயிற்று. அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "இன்னும் பத்தொம்பது வளைவுதானுங்க. நான் இடப்பக்கம் பாத்துச் சொல்லிட்டே வர்றேன். ஒரு எறும்பு வந்தாலும் சொல்றேன். மெதுவா ஓட்டுங்க," என்றாள்.

அவர் சாவியைத் திருகினார். எஞ்சின் எடுத்தது, புது எஞ்சின், அதிராமல் ஓடியது. ஓட்டலாம். அவள் சொல்லிக்கொண்டே வருவாள், அவள் தப்பாகச் சொல்ல மாட்டாள். பத்தொன்பதே பத்தொன்பது. ஸ்டியரிங்கின் தோல் உறை உள்ளங்கை வியர்வையில் ஈரமாகியிருந்தது. எதிரே ரோடு தெளிவாகத் தெரிந்தது, வலப்பக்கம் மரம், நடுவில் வெள்ளைக் கோடு, இடப்பக்கம் புல். ஆளில்லாத புல். காற்றில் அசைகிறது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார், தலையைத் திருப்பாமல். எஞ்சின் சும்மா ஓடிக்கொண்டிருந்தது, ஒரு நிமிஷமா, ஐந்து நிமிஷமா. பிறகு சாவியைப் பின்னுக்குத் திருகினார். அணைந்தது. சாவியை உருவிச் சட்டைப்பையில் போடாமல் அவள் கையில் கொடுத்தார். அவள் வாங்கி வைத்துக்கொண்டாள். அவருடைய தோள்கள் ஆடின, அழுகிறாரா என்று அவருக்கே தெரியவில்லை, சொட்டு மருந்து போட்ட கண்ணில் எப்போதுமே நீர்தான்.

பொள்ளாச்சிக்குப் போன் செய்தார். விறகு தட்டியதைச் சொன்னார், பக்கக் கண்ணாடியில் ஒரு கீறல் என்றார், என்னால இனி ஓட்ட முடியாது தாயி, கண்ணு சரியில்ல, ஆரம்பத்துலயே சொல்லாதது என்னோட தப்பு என்றார். எதிர்முனையில் அந்தப் பெண், ஆள் அனுப்புறோம் சார், சாவிய வாங்கிக்குவாரு, நீங்க பத்திரமா இருங்க என்றாள். ஆள் வருவதற்கு ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. மரத்தடியில் வேரின்மேல் உட்கார்ந்திருந்தார்கள். அவர் பெரியம்மாவைச் சொன்னார், இரண்டரை மணிச் சாப்பாட்டைச் சொன்னார், சொம்பைச் சொன்னார், கைக்கடிகாரத்தைச் சொன்னார். ரங்கநாயகி முழுக்கக் கேட்டாள். மூக்கு உங்களாட்டத்தான் இருந்துதுங்க என்றாள் கடைசியில். முப்பது வருஷத்தில் அவள் அந்தக் குழந்தையைப் பற்றிச் சொன்ன ஒரே வாக்கியம் அது.

வந்த ஆளிடம் சாவியைக் கொடுத்துவிட்டு, வால்பாறை போகிற பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தி ஏறினார்கள். திரும்பிப் போய்விடலாமா என்று அவர் கேட்டதற்கு, வந்தது வந்தாச்சு, மேல எப்படி இருக்குதுன்னு பாத்துட்டுப் போலாமுங்க என்றாள். கூட்டம் அதிகமில்லை. டிரைவருக்கு நாலு வரிசை பின்னால் இடம் கிடைத்தது, அவள் அவரை ஜன்னலோரம் உட்காரச் சொன்னாள், அவருக்கு இடப்பக்கத்தில் அவள் உட்கார்ந்துகொண்டாள். இவர் கீழே கிடந்த பள்ளத்தைப் பார்க்கலாம், தேயிலையைப் பார்க்கலாம், வளைவை வேறு யாரோ பார்த்துக்கொள்கிறார்கள். பார்த்தார். கொஞ்சநேரம்தான் முடிந்தது. இருபத்திரண்டாவது வளைவில் டிரைவர் கியரைத் தாமதமாக மாற்றினார், சிகாமணியின் இடது கால் முன்சீட்டுக்கு அடியில் கிளட்சைத் தேடியது, வலது கால் தகரத் தரையை அழுத்தியது. ரங்கநாயகி கீழே பார்த்தாள், பிறகு ஜன்னலைப் பார்த்தாள். இருபத்திமூன்று. எதிரே ஹாரன் கேட்டது. அவர் பாதம் தரையை அழுத்திக்கொண்டே இருந்தது, பஸ் அதுபாட்டுக்கு ஏறிக்கொண்டிருந்தது.